‘பாசிட்டிவ் சைக்காலஜி’ தெரபிஸ்ட் தேடுறீங்களா? அந்தப் பெயரை வைத்த ஆபிரகாம் மாஸ்லோவின் கதை

காட்கோபர் ஸ்டேஷனில் லோக்கலில் இருந்து இறங்கி, மெட்ரோவுக்கு மாறும் வரிசையில் நின்றபடியே போனில் தெரபிஸ்ட் தேடுவது இன்று ஆச்சரியமான விஷயம் இல்லை. அப்படித் தேடும்போது ஆலோசகர்களின் புரொஃபைல்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘பாசிட்டிவ் சைக்காலஜி’.

கேட்க இதமாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு சந்தேகமும் வரும். நல்லதையே நினைங்க, எல்லாம் சரியாயிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்களோ? அதைக் காசு வாங்காமல் சொல்ல, ஊரில் சித்தப்பாவே இருக்கிறாரே!

இந்தச் சொல்லை உளவியல் உலகில் முதலில் பயன்படுத்தியவர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் ஆபிரகாம் மாஸ்லோ. எம்பிஏ படித்தவர்களுக்கும் எச்ஆர் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கும் தேவைகளின் பிரமிடு மூலம் தெரிந்த பெயர்தான். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் தெரபிஸ்ட் தேடுபவரின் மேலே சொன்ன சந்தேகத்துக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

யாரும் விரும்பாத சிறுவன்

1908 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் மாஸ்லோ பிறந்தார். அன்றைய ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த கீவ் நகரில் இருந்து பிழைப்பு தேடி வந்த யூதக் குடும்பம். ஏழு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசியவருக்கு மகிழ்ச்சியான சிறுவயது அமையவில்லை. தெருவில் யூதச் சிறுவர்களைத் துரத்திக் கல்லெறியும் கும்பல்கள் இருந்தன. தன் முகமும் மூக்கும் அசிங்கமாக இருப்பதாக அவரே நம்பிக்கொண்டிருந்தார். நண்பர்கள் கிடையாது. நூலகமே கதி என்று கிடந்தார்.

வீட்டுக்குள்ளும் ஆறுதல் இல்லை. தாயாருடன் அவருக்கு இருந்த கசப்பு கடைசிவரை தீரவில்லை. அம்மாவின் இறுதிச் சடங்குக்குக்கூட அவர் போகவில்லை. பிற்காலத்தில், நல்ல மனிதர்கள் எப்படி உருவாகிறார்கள் என்ற தேடலின் வேரே அம்மாவின் மீதிருந்த வெறுப்புதான் என்று அவர் எழுதி வைத்தார்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. மனித மனதின் நல்ல பக்கத்தை ஆராயக் கிளம்பியவர், கெட்ட பக்கம் தெரியாத அப்பாவி அல்ல. அதன் நடுவில் வளர்ந்தவர்.

அப்பா சொன்னது சட்டம், மகன் போனது குரங்குக் கூண்டுக்கு

மகன் வக்கீல் ஆகவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நம்ம ஊர் அப்பாக்களுக்கு இன்ஜினியரிங் போல! மாஸ்லோ சட்டம் படிக்கச் சேர்ந்தார், ஆனால் சீக்கிரமே விட்டுவிட்டார். 1928 கடைசியில், சிறுவயதில் இருந்தே மனதுக்குப் பிடித்திருந்த பெர்த்தா குட்மனைத் திருமணம் செய்துகொண்டார். பெர்த்தா அவருக்கு நெருங்கிய உறவு, முதல் கஸின். குடும்பத்தில் எதிர்ப்பு இருந்தும் நடந்த கல்யாணம் அது. தன் வாழ்க்கையே அப்போதுதான் தொடங்கியது என்ற கருத்தில் அவர் பின்னாளில் பேசியிருக்கிறார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளால் புகழ்பெற்ற ஹாரி ஹார்லோதான் வழிகாட்டி. குரங்குக் கூட்டத்தில் யார் யாரை அடக்குகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1934-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

அன்றைய அமெரிக்க உளவியலில் ஆட்சி செய்தது நடத்தையியல். வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளந்தால் போதும், மனம் என்ற பேச்சே வேண்டாம் என்பது அதன் நிலைப்பாடு. இளம் மாஸ்லோவும் அதில் மயங்கியவர்தான். ஆனால் முதல் மகள் பிறந்து, குழந்தையை அருகில் இருந்து பார்த்த பிறகு அந்தக் கொள்கை அவருக்கு அபத்தமாகத் தெரிந்தது.

மறுபக்கம் ஃபிராய்டின் வழி இருந்தது. மாஸ்லோ அதையும் மதித்தார், தானே மனப்பகுப்பாய்வு சிகிச்சைக்கும் சென்றார். ஆனால் அங்கே படிப்பது பெரும்பாலும் நோயுற்றவர்களை. நலமான மனிதர் எப்படி இருப்பார் என்ற கேள்வி இரண்டு பக்கமும் விடுபட்டிருந்தது.

இரண்டு ஆசிரியர்களும் ஒரு புதிரும்

1937-ல் புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஹிட்லரிடம் இருந்து தப்பிவந்த ஐரோப்பிய அறிஞர்கள் பலர் அப்போது நியூயார்க்கில் இருந்தார்கள். எரிக் ஃபிராம், கேரன் ஹார்னி, ஆல்ஃபிரட் ஆட்லர் என்று நகரில் இருந்த பெரிய ஆட்களை எல்லாம் தேடித் தேடிப் போய்க் கற்றுக்கொண்டார் மாஸ்லோ.

அவர்களில் இருவர் அவரை விசேஷமாகக் கவர்ந்தார்கள். ஒருவர் மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட். இன்னொருவர் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்ஹைமர். இவர்கள் மட்டும் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று குறிப்பெடுக்க ஆரம்பித்தார். இருவருக்கும் பொதுவான சில குணங்கள் இருப்பது தெரிந்தது. ‘தன்னிறைவை எட்டிய மனிதர்’ பற்றிய அவருடைய ஆய்வு பிறந்தது இந்தக் குறிப்புகளில்தான்.

பெனடிக்ட் கொடுத்த ஊக்கத்தில், 1938 கோடையில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் வாழும் பிளாக்ஃபுட் பழங்குடியினரிடம் சென்று தங்கினார். அங்கே சொத்து சேர்த்தவர் பெரிய மனிதர் இல்லை, சேர்த்ததைப் பிறருக்குக் கொடுத்தவரே பெரிய மனிதர். அவர்களிடம் இருந்த மனப் பாதுகாப்பு உணர்வு அவரை அசைத்துப் பார்த்தது. போட்டி போட்டு அடக்குவதுதான் உயிர்களின் இயல்பு என்ற, குரங்குக் கூண்டில் இருந்து கொண்டுவந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

ஓர் ஊர்வலம், ஐந்து தேவைகள்

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மாஸ்லோவின் வழியை ஒரு சின்ன ஊர்வலம் மறித்தது. பழைய சீருடை போட்ட வயதானவர்கள், சாரணச் சிறுவர்கள், ஒரு கொடி, சுருதி சேராத ஒரு குழல். பார்த்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். எதிரிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சமாதானம் பேசவேண்டுமானால் மனிதரைப் பற்றிய சரியான அறிவு வேண்டும், இனி என் வேலை அதுதான் என்று அன்று முடிவு செய்ததாகப் பின்னாளில் சொன்னார்.

1943-ல் வெளிவந்தது அவருடைய புகழ்பெற்ற கட்டுரை. மனிதரை இயக்குபவை ஐந்து வகைத் தேவைகள் என்றார். முதலில் உணவு, தூக்கம் போன்ற உடல் தேவைகள். அடுத்து பாதுகாப்பு. பிறகு அன்பும் உறவும். நான்காவது மதிப்பு. ஐந்தாவது, தன்னால் எதுவாக ஆகமுடியுமோ அதுவாக ஆவது.

இதை மும்பைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2024 மே 13 அன்று காட்கோபரின் சேடா நகரில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மீது சரிந்து 17 பேர் இறந்தார்கள். அங்கே உறவை இழந்தவரிடம், அல்லது அந்தச் சத்தத்தைக் கேட்டதில் இருந்து தூக்கம் வராதவரிடம், வாழ்க்கையின் லட்சியம் என்ன என்று கேட்டுத் தொடங்க முடியாது. முதலில் தூக்கம், பாதுகாப்பு, கூட இருக்க ஆள். மாஸ்லோ சொன்ன வரிசை இதுதான்.

பிரமிடை வரைந்தது மாஸ்லோ இல்லையா?

இல்லை. 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் தேவைகளைப் பிரமிடாக வரைந்தது 1960-ல் சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசக உளவியலாளர் என்று கண்டறிந்தது. அங்கிருந்து மேலாண்மைப் பாடப் புத்தகங்களுக்குள் அது நுழைந்தது.

பிரமிடு ஒரு தப்பான எண்ணத்தையும் கொடுத்துவிட்டது. ஒரு படி முழுசா முடிந்தால்தான் அடுத்த படி என்பது போல. மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு எல்லாத் தேவைகளும் ஓரளவு நிறைவேறி, ஓரளவு நிறைவேறாமல்தான் இருக்கும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். வரிசை ஆளுக்கு ஆள் மாறலாம் என்றும் ஒப்புக்கொண்டார்.

நாஜி வதைமுகாமில் இருந்து உயிர் மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், சோறும் பாதுகாப்பும் இல்லாத இடத்திலும் மனிதர் வாழ்வின் அர்த்தத்தைத் தேடுகிறார் என்று காட்டியவர். 1966-ல் மாஸ்லோ அவருடைய கட்டுரைக்குப் பதில் எழுதி உரையாடினார். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அம்மாவைப் பார்த்தவர்களுக்கு, ஃபிராங்கல் சொல்வதும் புரியும்.

1954: பெயர் வைத்த ஆண்டு

1940-களின் பிற்பகுதியில் மாஸ்லோவின் உடல்நிலை மோசமானது. கல்லூரியில் விடுப்பு எடுத்து, கலிபோர்னியாவில் தம்பிகள் நடத்திய பீப்பாய் நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்தார். 1951-ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்கு உளவியல் துறைத் தலைவராகச் சென்றார்.

1954-ல் வெளியானது ‘மோட்டிவேஷன் அண்ட் பர்சனாலிட்டி’ புத்தகம். அதன் கடைசி அத்தியாயத்தின் தலைப்பில்தான் ‘பாசிட்டிவ் சைக்காலஜி’ என்ற சொல் இருக்கிறது. மனிதரின் குறைகளை, நோய்களைப் பற்றி உளவியல் நிறையக் கற்றுக்கொண்டது, ஆனால் அவருடைய திறமை, நற்குணம், கனவுகளைப் பற்றி மிகக் குறைவாகவே கற்றது என்பது அவருடைய குற்றச்சாட்டு. உளவியல் தன் பாதி எல்லைக்குள் தானே அடைபட்டுக் கிடக்கிறது என்றார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதியை விட்டுவிட்டீர்கள், அதையும் சேருங்கள் என்றுதான் கேட்டார். ஏற்கெனவே கையில் இருக்கும் பாதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நோயைக் குணப்படுத்தும் உளவியலுக்கு மாற்றாக அல்ல, அதற்கு மேல் கட்டுமானமாகத்தான் இதை அவர் நினைத்தார். இன்று ‘பாசிட்டிவ்’ என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் விடுபட்டுப் போவது இந்த ஒரு விஷயம்தான்.

புகழ் வந்தது, கவலையும் வந்தது

1960-களில் மாஸ்லோவின் பெயர் எங்கும் பரவியது. 1961-ல் மனிதநேய உளவியலுக்கான இதழ் தொடங்கியது, அதன் பின்னால் இருந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1962 கோடையில் கலிபோர்னியாவின் ஒரு மின்னணுக் கருவி நிறுவனத்துக்குச் சென்று, தொழிலாளர்களை நம்பி வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கவனித்துக் குறிப்பெழுதினார். இன்றைய எச்ஆர் மொழியின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. 1966-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. தன் கருத்துகளுக்கு இன்னும் போதுமான சான்று இல்லாதபோதே நிறுவனங்கள் அவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்வது அவரைக் கவலைப்படுத்தியது. கலிபோர்னியாவின் எசலன் மையம் போன்ற இடங்கள் அவரை ஆசானாகக் கொண்டாடின. அங்கே அறிவையும் கடின உழைப்பையும் ஒதுக்கிவிட்டு உணர்ச்சி அனுபவத்தை மட்டும் தேடும் போக்கு வளர்வதை அவர் விமர்சித்தார். வெல்னஸ் வியாபாரத்தின் முதல் விமர்சகர்களில் ஒருவர், அதன் பிதாமகராகக் கொண்டாடப்பட்டவரே!

அவருடைய ஆய்வு முறையிலும் ஓட்டைகள் இருந்தன. தன்னிறைவு எட்டியவர்கள் என்று லிங்கன், ஐன்ஸ்டைன், எலினோர் ரூஸ்வெல்ட் போன்றவர்களை அவரே தேர்ந்தெடுத்தார், அவரே அவர்களிடம் பொதுக் குணங்களைக் கண்டார். சிறிய பட்டியல், அதிலும் பெரும்பாலோர் மேற்கத்திய ஆண்கள். 3,000 கல்லூரி மாணவர்களைப் பரிசீலித்தபோது அவர் அளவுகோலுக்குத் தேறியவர் ஒரே ஒருவர்தான். அளவுகோலிலேயே ஏதோ பிரச்சனை என்று விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

போனஸாகக் கிடைத்த நாட்கள்

1967 டிசம்பரில் கடுமையான மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு கிடைத்த காலத்தை, இறந்த பிறகு கிடைத்த வாழ்க்கை என்றே நினைத்தார். பூ, குழந்தை, நண்பர்கள் என எல்லாம் புதிதாக அழகாகத் தெரிந்தன. முன்பு அவர் எழுதியது திடீரென்று வரும் உச்சக்கட்டப் பரவச அனுபவங்களைப் பற்றி. இப்போது அமைதியாக, நிதானமாக நீடிக்கும் ஒரு நிறைவைப் பற்றிப் பேசினார். தன்னிறைவுக்கும் மேலே, தன்னைக் கடந்து பிறருக்காக வாழும் நிலை ஒன்று உண்டு என்றும் எழுதினார்.

1970 ஜூன் 8 அன்று, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் வீட்டருகே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தபோது மீண்டும் மாரடைப்பு வந்து இறந்தார். வயது 62.

அவர் விட்ட இடத்தில் தொட்டவர்

1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரான மார்ட்டின் செலிக்மன், பாசிட்டிவ் சைக்காலஜியைத் தனித் துறையாக அறிவித்து வளர்த்தார். மாஸ்லோவின் தலைமுறையிடம் சோதனை ஆதாரம் போதவில்லை என்பது அவர் தரப்பின் குறை. அதனால் அளந்து பார்ப்பதை முன்னே வைத்தார்கள்.

2005-ல் செலிக்மன் குழு ஒரு பயிற்சியைச் சோதித்தது. ஒரு வாரத்துக்குத் தினமும் இரவில், அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதவேண்டும். அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. 2006-ல் மனச்சோர்வுக்கான ‘பாசிட்டிவ் சைக்கோதெரபி’ முறையையும் வெளியிட்டார்கள். அதிலும் கசப்பான நினைவுகளையும் கோபத்தையும் பற்றிப் பேசும் அமர்வுகள் உண்டு. சிரித்துக்கொண்டே இருக்கச் சொல்லும் சிகிச்சை அல்ல அது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஜெர்மனியில் வாழ்ந்த ஈரானிய மருத்துவர் நொஸ்ரத் பெஸெஷ்கியான் உருவாக்கிய முறைக்கும் ‘பாசிட்டிவ் சைக்கோதெரபி’ என்றுதான் பெயர். அது செலிக்மனுக்கு முந்தையது, வேறு வழியில் வந்தது. ஆகவே ஒரு தெரபிஸ்ட் இந்தப் பெயரைச் சொன்னால், எந்த முறை என்று கேட்கலாம்.

சரி, காட்கோபர்ல தேடுறவங்க என்ன பார்க்கணும்?

முதலில், இந்தியாவில் ‘பாசிட்டிவ் சைக்காலஜி தெரபிஸ்ட்’ என்று தனி உரிமம் எதுவும் இல்லை. அது ஓர் அணுகுமுறையின் பெயர். அதனால் பெயரைவிடப் படிப்பைப் பாருங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மருந்து எழுத முடிவது சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர். கவுன்சலர் என்றால் என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று விசாரியுங்கள்.

முதல் அமர்வில் கவனிக்க மாஸ்லோவே ஓர் அளவுகோல் தருகிறார். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, பேச ஆள் இருக்கிறதா என்று கேட்டாரா? இல்லை, பத்தாவது நிமிடத்திலேயே நன்றி டைரியை நீட்டிவிட்டாரா? பலங்களைப் பற்றிப் பேசுபவர் காயத்தையும் கேட்டிருக்க வேண்டும்.

மொழியும் முக்கியம். ஆபீசில் இங்கிலீஷ், ரிக்‌ஷாவில் இந்தி என்று சமாளித்துவிடலாம். அப்பாவின் மீதிருக்கும் கோபத்தைச் சொல்ல சிலருக்குத் தமிழ்தான் வரும். தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை. செம்பூர், மாட்டுங்கா பக்கம் விசாரிக்கலாம், ஆன்லைன் அமர்வு என்றால் சென்னையில் இருப்பவரையும் பார்க்கலாம்.

கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு சயான் மருத்துவமனையிலும் பரேலின் கேஇஎம் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012 முதல் ‘ஐகால்’ என்ற ஆலோசனைச் சேவையை நடத்துகிறது. மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ இலவச எண் 14416, 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால், பொருத்தமான தெரபிஸ்ட் கிடைக்கும்வரை காத்திருக்காமல் உடனே இந்த எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வெறுப்பும் தனிமையும் நிறைந்த வீட்டில் வளர்ந்த ஒருவர், அதை மறைக்காமல் எழுதிவைத்துவிட்டு, மனிதரால் இதைவிட நன்றாக இருக்க முடியும் என்று சொன்னார். பாசிட்டிவ் சைக்காலஜி என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை இதுதான். நீங்கள் தேடும் தெரபிஸ்ட் அந்த இரண்டு பாதிக்கும் நேரம் ஒதுக்குகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். ஒதுக்கவில்லை என்றால் வேறொருவரைத் தேடலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை.